கூட்டம் நடந்து போகிற இடம்

மண்டகப்பட்டு கெங்கம்மாளைப் பற்றி எழுத அந்தப் பக்கத்தில் நூறு பேருக்குத் தகுதி உண்டு, எனக்குத்தான் கிடையாது. ஆனால் அந்த நூறு பேரில் ஒருத்தரும் எழுதப் போவதில்லை. அதனால் நானே எழுதுகிறேன். எழுதும்போது என் யோக்கியதையும் சேர்ந்து வெளியே வரும். வரட்டும், எத்தனை நாளைக்குத்தான் மூடி வைப்பது?

என் பெயர் ராஜாங்கம். மரக்காணத்துப் பக்கம் கடலோரக் குப்பத்தில் பிறந்தவன். அப்பாவுக்குக் கட்டுமரமும் வலையும்தான் உலகம். எனக்கோ அலையைத் தாண்டினாலே வாந்தி வந்துவிடும். குப்பத்தில் அதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் கிடையாது. எண்பத்துநாலாம் வருஷம் திண்டிவனத்துக்கு வந்து ஒரு கடை பிடித்து வீடியோ லைப்ரரி வைத்தேன். சினிமாக் கேசட்டுகளை வாடகைக்கு விடுவேன். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று யாராவது கூப்பிட்டால் கேசட்டை ஓட்டுகிற டெக்கையும் கலர் டிவியையும் எடுத்துக்கொண்டு நானே போய்ப் படம் போட்டுவிட்டு வருவேன். டிவியைக் கம்பளியில் சுற்றிக்கொண்டு ஒரு ஊரில் இறங்கினால் போதும், பெரிய மனிதர்களே எழுந்து இடம் விடுவார்கள். கட்டுமரத்தில் வாந்தி எடுத்தவனுக்கு இந்த மரியாதை கிடைத்தால் தலை சும்மா இருக்குமா? எனக்கு நன்றாகவே கனத்துவிட்டது.

எண்பத்தாறு தை மாதம், பொங்கல் கழிந்து நாலைந்து நாள் இருக்கும். காலை பத்து மணிக்குக் கடைக்குள் ஒரு அம்மாள் வந்தாள். நாற்பது வயது மதிக்கலாம். நல்ல உயரம், நல்ல கறுப்பு. காலில் செம்மண் ஒட்டியிருந்தது, கையில் மஞ்சள் பை. சுவர் முழுக்க அடுக்கியிருந்த கேசட்டுகளை, மண்டியில் மூட்டை பார்க்கிறவள் போல ஒரு ஓரத்திலிருந்து நிதானமாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். பிறகு ஒரு படத்தின் பெயரைச் சொல்லி இருக்கிறதா என்று கேட்டாள். ஏழு வருஷத்துப் பழைய படம். அதன் பெயரை இங்கே சொல்ல மாட்டேன். எடுத்தவர்கள் மேல் குற்றமில்லை, குற்றமெல்லாம் என்னுடையது.

"இருக்குதும்மா. எத்தினி நாளைக்கு வேணும்?" என்றேன்.

"நாளைக்கின்னா இன்னா தம்பி? எனக்குச் சொந்தமா வேணும்."

"சொந்தமாவா? ஊட்டுல டெக்கு இருக்குதா?"

"இல்ல."

"டிவி?"

"இல்ல."

"கரண்டாவது இருக்குதா?"

"எதிர்ல நாத்தனா ஊட்டுல இருக்குது."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அப்பால கேசட்ட வச்சிக்கினு இன்னாம்மா பண்ணப் போற?"

"பொட்டியில வச்சிக்குவேன்," என்றாள் கெங்கம்மாள். "எங்க ஊட்டுக்காரரு அதுல இருக்காரு."

அவள் வீட்டுக்காரர் பச்சைமுத்து. அந்தப் படத்துக்காக மண்டகப்பட்டுப் பாறைப் பக்கத்தில் ஒரு திருவிழாக் காட்சி எடுத்தார்களாம். சுற்றுப்பட்டு ஊர்க்காரர்களைப் பிடித்துக் கூட்டமாக நடக்கவிட்டிருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு புளியோதரைப் பொட்டலம். பச்சைமுத்துவும் தோளில் ஒரு ஆட்டுக்குட்டியைப் போட்டுக்கொண்டு நடந்திருக்கிறார். அதைச் சொல்லும்போதே அந்த அம்மாளின் முகம் மாறிவிட்டது.

"கேமராவப் பாக்காம நடங்கன்னு சொன்னாங்களாம் தம்பி. எல்லாரும் தலையக் குனிஞ்சிக்கினு போயிருக்காங்க. இவரு மட்டும் திரும்பிப் பாத்தாரு. பாத்து சிரிச்சாரு. பக்கத்துல வந்த எந்தூருக்காரனோ தோளப் புடிச்சித் தள்ளினான். படத்துல அது அப்படியே வருது. விழுப்புரத்துக் கொட்டாயில பாக்கச்சொல்ல, என்னையே பாத்து சிரிக்கிற மாதிரி இருந்துச்சி. மூணு தபா போனோம். மூணு தபாவும் எம் பக்கத்துல உக்காந்துக்கினு, 'தோ பாரு, தோ வர்றேன் பாரு'ன்னு கத்திக்கினே இருந்தாரு, மனுசன்."

எண்பத்திரண்டு பங்குனியில் மஞ்சள் காமாலை வந்து இருபதே நாளில் பச்சைமுத்து போய்விட்டார். பிள்ளை குட்டி கிடையாது. போட்டோவும் கிடையாது. கல்யாணத்துக்கு எடுக்கவில்லை, பிறகு எடுக்கலாம் என்று இருந்து எடுக்காமலே போய்விட்டது. மற்ற வீடுகளில் செத்தவர்களுக்குப் படையல் போட்டால் போட்டோவுக்கு மாலை போடுவார்கள். கெங்கம்மாள் விளக்கை ஏற்றி, பக்கத்தில் அவருடைய துண்டை மடித்து வைப்பாள். அவருடைய முகம் இந்த உலகத்தில் பதிந்திருந்த இடம் ஒன்றே ஒன்றுதான், அந்தப் படம்.

இதை அவள் என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் காதில் வாங்கினேனா? தலையை ஆட்டிக்கொண்டே கேசட் மேல் ஒட்டுவதற்கு லேபிள் எழுதிக்கொண்டிருந்தேன். "கூட்டத்துல வருவாரு" என்று அவள் இரண்டு தரம் சொன்னதும், மற்றதெல்லாமும் பிற்பாடுதான் ஞாபகம் வந்தது. வந்து என்ன பிரயோஜனம்?

படத்தை வேறொரு கேசட்டில் காப்பி போட்டு, இரண்டு நாள் கழித்து அவள் வந்தபோது கொடுத்தேன். கையில் வாங்கியவள் அதைக் காதோரம் வைத்து ஒரு ஆட்டு ஆட்டினாள். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிர் பண்ணுகிறவர்கள் எல்லாரும் செய்வதுதான். காயை ஆட்டிப் பார்த்தால் உள்ளே பருப்பு இருக்கிறதா, பொக்கா என்று சத்தத்திலேயே தெரிந்துவிடும்.

"உள்ள இருக்காரா?" என்று என்னையே கேட்டாள்.

"ஜம்முனு இருக்காரும்மா, பயப்படாத எடுத்துக்கினு போ," என்றேன். வாய் கூசாமல் சொன்னேன்.

கெங்கம்மாளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எல்லாம் பிற்பாடு நான் விசாரித்துத் தெரிந்துகொண்டது. பிறந்தது கெடாரில். பதினெட்டு வயதில் மண்டகப்பட்டுக்கு வாழ வந்தாள். ஒன்றரை ஏக்கர் நிலம். புருஷன் போனதும், நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுப் பிறந்த ஊருக்கே போய்விடுவாள் என்று சொந்தக்காரர்கள் நினைத்தார்கள். இவள் போகவில்லை. தானே ஏர் பிடிக்க ஆள் வைத்து, தானே விதைத்து, தானே களை வெட்டி, ஒரு போகம் மல்லாட்டை, ஒரு போகம் கேப்பை என்று எடுத்தாள். விழுப்புரம் மண்டியில் அவள் மூட்டையை அவிழ்த்துப் பார்க்கவே மாட்டார்களாம். ஈரக்காய் கலந்திருந்தால் அவளே, "இந்த மூட்டையில கொஞ்சம் ஈரம் இருக்குது, பாத்துப் போடுங்க" என்று சொல்லிவிடுவாளாம். கெங்கம்மாள் சொன்னால் சரியாக இருக்கும் என்று ஒரு பேர்.

அப்பேர்ப்பட்டவள் சொல்லி ஊர் நம்பாத விஷயம் ஒன்றுதான். பச்சைமுத்து சினிமாவில் சிரிப்பது. ஊரில் பாதிப் பேர் அந்தக் கூட்டத்தில் நடந்தவர்கள்தான், படத்தையும் போய்ப் பார்த்தவர்கள்தான். ஆனால் கொட்டகையில் அவனவன் தன் மூஞ்சியைத் தேடினானே ஒழிய, அடுத்தவன் மூஞ்சியை எவன் பார்த்தான்? நாத்தனார் கோவிந்தம்மாளுக்கு அப்போது பிள்ளைப்பேறு, படத்துக்கே போகவில்லை. "எங்கண்ணன் சினிமாவுல சிரிச்சாராம். இவ ஒருத்தி கண்ணுக்கு மட்டும் தெரிஞ்சாராம்" என்று அவள் சொல்லிச் சொல்லிக் காட்டுவாளாம். கெங்கம்மாள் வாயே திறக்க மாட்டாள். கையில் கேசட் கிடைத்த பிறகு ஒரே ஒரு வார்த்தைதான் சொல்லியிருக்கிறாள். "பங்குனி வரட்டும், படையல் அன்னிக்கு எல்லாரும் பாருங்க."

இந்த இடத்தில் எங்கள் தொழிலில் இருந்த ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும்.

ஒரு லைப்ரரிக்காரன் கஷ்டப்பட்டு ஒரு படத்தைப் பிடித்தால், பக்கத்து ஊர் லைப்ரரிக்காரன் ஆளை விட்டு அதை வாடகைக்கு எடுத்து, காப்பி போட்டுத் தன் கடையில் அடுக்கிவிடுவான். அதனால் கேசட்டுக்குள்ளே கடை விளம்பரத்தைச் சொருகி வைப்போம். படத்தின் தொடக்கத்திலோ முடிவிலோ வைத்தால் காப்பி போடுகிறவன் அதை மட்டும் விட்டுவிடுவான். ஆகவே நடுவில் வைக்க வேண்டும். பாட்டு நடுவில் வைத்தால் பார்க்கிறவன் திட்டுவான், சண்டை நடுவில் வைத்தால் கடைக்கே வந்து அடிப்பான், வசனத்தில் வைத்தால் கதை புரியாது. எதுவுமே நடக்காத இடமாகப் பார்த்து வைக்க வேண்டும். மாட்டு வண்டி போவது, சூரியன் மறைவது, கூட்டம் நடந்து போவது.

அப்படி இடம் பார்ப்பதில் நான் பெரிய கெட்டிக்காரன் என்று எனக்கு நினைப்பு. என் கடைப் போர்டுக்கு ஒரு மாலையைப் போட்டு, கல்யாண வீடியோ எடுக்கிறவரை விட்டுப் பதினைந்து விநாடி படம் பிடித்து வைத்திருந்தேன். நாதஸ்வரம் வேறு சேர்த்திருந்தேன். ஒரு படத்தைக் காப்பி போடும்போது, பொருத்தமான இடம் வந்ததும் படத்தின் பதிவை நிறுத்திவிட்டு அங்கே போர்டைப் பதிவேன். அதற்குள் படத்தில் பதினைந்து விநாடி ஓடிப் போயிருக்கும். போனால் போகிறது. அந்த மூலக் கேசட்டின் மேலேயே அடுத்த படத்தைப் பதிந்துவிடுவேன். கேசட் மிச்சம். எண்பத்தைந்திலேயே அந்தப் படத்துக்கும் இதைச் செய்திருந்தேன். திருவிழாக் காட்சியில் கூட்டம் நடந்து போகிறது. கூட்டம்தானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்று அப்போது நினைத்தது இன்றைக்கும் அப்படியே ஞாபகம் இருக்கிறது.

பங்குனியில் படையல் நாள். கெங்கம்மாள் சொல்லி அனுப்பியிருந்தபடி காலை பத்து மணிக்கு டெக், டிவியோடு மண்டகப்பட்டில் இறங்கினேன். கோவிந்தம்மாள் வீட்டுக் கூடத்தில் ஜன்னலுக்கெல்லாம் போர்வை கட்டி இருட்டாக்கியிருந்தார்கள். ஐம்பது அறுபது பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். அந்தக் காலத்துக் கூட்டத்தில் நடந்தவன் அத்தனை பேரும் ஆஜர். சுவரோரம் படையல். வாழையிலையில் சோறு, வடை, கருவாட்டுக் குழம்பு, விளக்கு, மடித்த துண்டு. துண்டின் மேல் என் கேசட். அதற்கு மஞ்சள் பூசி, குங்குமப் பொட்டு வைத்து, ஒரு முழம் மல்லிகை சுற்றியிருந்தாள்.

"பொட்ட அழிக்காம போட முடியாதா தம்பி?" என்று கேட்டாள் கெங்கம்மாள்.

"டெக்கு கெட்டுப் பூடும்மா," என்று சொல்லி ஈரத்துணியால் துடைத்துப் போட்டேன்.

படம் ஓடியது. திருவிழா வருவதற்கு முன்பே கெங்கம்மாள் எழுந்து டிவி பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள். "இப்ப மேளம் வரும் பாருங்க," என்றாள். மேளம் வந்தது. "இப்ப வெள்ள மாட்டு வண்டி." வண்டி வந்தது. கூடம் முழுக்க ஒரே கூச்சல். "அய்யய்யோ, தோ நானு," என்று ஒருவன் குதித்தான். "அப்பால மொளப்பாரி எடுத்துக்கினு பொம்பளைங்க. அவங்க பின்னாலதான் அவரு வர்றாரு." முளைப்பாரிப் பெண்கள் வந்தார்கள். கெங்கம்மாள் இரண்டு கையையும் நெஞ்சில் வைத்துக்கொண்டாள்.

என் போர்டு வந்தது.

'ராஜாங்கம் வீடியோ லைப்ரரி, திண்டிவனம். உங்கள் இல்லத்தில் இன்பம்.' மாலை போட்டுக்கொண்டு, நாதஸ்வரத்தோடு பதினைந்து விநாடி நின்றது. அது போனதும் கதாநாயகி ஏதோ ஒரு வீட்டில் அழுதுகொண்டிருந்தாள். திருவிழா முடிந்துவிட்டது.

போர்டு வந்த அந்தக் கணத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. கட்டுமரத்தில் வருமே, அதே குமட்டல்.

"எங்கடி எங்கண்ணன்?" என்றாள் கோவிந்தம்மாள். யாரோ சிரித்தார்கள். கெங்கம்மாள் டிவியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஏம்பா, நடுவுல போர்டு வந்துச்சே, அந்த எடத்துல ஏதாச்சும் பூடுச்சா?"

கேள்வி எவ்வளவு சரியான கேள்வி. ஆமாம்மா, என் தப்புதான் என்று சொல்லியிருந்தால் முடிந்து போயிருக்கும். அறுபது பேர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டெக்குக்காரன் தப்புப் பண்ணினான் என்று ஊர் ஊராகப் பேசுவார்களே என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன்.

"சேச்சே, போர்டு தனிம்மா. படம் முழுசா இருக்குது, ஒரு சீன் போவல," என்றேன். அதோடு நிறுத்தினேனா, பாவி? "கூட்டத்துல யாரையோ பாத்துட்டு இவருன்னு நெனச்சிருப்ப. ஆசையில அப்படித் தோணும்."

படித்தவன், டெக் வைத்திருப்பவன் சொல்கிறான். ஊர் நம்பாமல் என்ன செய்யும்? "அதான் நான் அப்பவே சொன்னேன்," என்றாள் கோவிந்தம்மாள். கெங்கம்மாள் கீழே கிடந்த மல்லிகையை எடுத்துத் துண்டின் மேல் வைத்துவிட்டுப் படையலுக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். நான் படம் முடியும் வரை கூட இருக்காமல், வேறு வேலை இருப்பதாகச் சொல்லி டெக்கைக் கழற்றிக்கொண்டு கிளம்பினேன். கேசட்டை மட்டும் அவள் கேட்டு வாங்கிக்கொண்டாள். அந்தப் பொக்குக் கேசட்டைப் பெட்டியில் வைத்துக்கொள்ள.

அடுத்த மாதமே மண்டகப்பட்டு ஆள் ஒருவன் கேசட் எடுக்க வந்தான். பேச்சோடு பேச்சாக, "எங்கூரு சினிமாக்காரி எப்படி இருக்காங்கன்னு கேக்கலியே," என்று சிரித்தான். கெங்கம்மாளுக்கு ஊர் அப்படிப் பேர் வைத்துவிட்டது. தண்ணீர் முறையில் தகராறு வந்தால் கூட, "நீ சொல்றத எப்படி நம்புறது, உம் புருசன் சினிமாவுல சிரிச்சாருன்னு சொன்னவதானே நீ" என்கிறார்களாம். அவனோடு சேர்ந்து நானும் சிரித்தேன். ஆமாம், சிரித்தேன். அவன் போன பிறகு கடையில் உட்கார முடியவில்லை.

வெட்டாத பிரதி ஒன்று எங்காவது கிடைக்கும் என்று தேடினேன். விழுப்புரத்தில் அந்தோணிசாமி கடையில் அந்தப் படம் இருந்தது. போட்டுப் பார்த்தால் முளைப்பாரிக்குப் பின்னால் என் போர்டு வந்தது. என் கேசட்டைத்தான் அவர் காப்பி போட்டிருக்கிறார். செஞ்சியில் ஒரு கடை, அங்கேயும் என் போர்டு. பாண்டிச்சேரி வரை போனேன், அங்கேயும் மாலை போட்டுக்கொண்டு நாதஸ்வரத்தோடு நானே வந்தேன். கேசட் திருடர்களிடம் என் பேரைக் காட்டவேண்டும் என்று ஆசைப்பட்டேன் அல்லவா? போகிற ஊரிலெல்லாம் எனக்கு முன்னால் அது போய் உட்கார்ந்திருந்தது. அந்தோணிசாமி, "இன்னா ராஜாங்கம், உன் போர்டப் பாத்து நீயே தலையக் குனியிற?" என்று கேட்டார்.

மூன்று வருஷம் ஓடியது. எண்பத்தொன்பது தொடக்கத்தில், சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்த என் மச்சான் ராஜவேலு ஊருக்கு வந்தான். அங்கே விற்கிற அந்தப் படத்தின் கேசட்டை நான் கடிதம் எழுதிக் கேட்டிருந்தேன். கொண்டுவந்தான். ஒரு நாள் காலை கடையை முக்கால்வாசி சாத்திவிட்டு, நானும் என் மனைவி தனமும் உட்கார்ந்து போட்டுப் பார்த்தோம்.

மேளம் வந்தது. வெள்ளை மாட்டு வண்டி வந்தது. முளைப்பாரிப் பெண்கள் வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் தலையில் முண்டாசு, தோளில் ஆட்டுக்குட்டியோடு ஒரு ஆள் வந்தார். எல்லாரும் குனிந்துகொண்டு போக, அவர் மட்டும் திரும்பினார். நேராக என்னைப் பார்த்தார். பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். பக்கத்திலிருந்து ஒரு கை வந்து தோளைப் பிடித்துத் தள்ளியது. அந்த அம்மாள் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடக் குறையவில்லை.

அன்றைக்குத்தான் தனத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு அவள் டிவியை அணைத்தாள்.

"செஞ்சி பஸ்ஸு கண்டக்டரு தெரிஞ்சவருதான். அவருகிட்ட குடுத்து அனுப்பிடலாம்னு பாக்கறேன்," என்றேன்.

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டாள். "ஏன்யா, மூஞ்சியக் காட்ட வெக்கமா இருக்குதா உனக்கு? இருக்கட்டும். அந்த மூஞ்சியோடவே போ. அந்தப் பொம்பள மூணு வருசமா எந்த மூஞ்சிய வச்சிக்கினு அந்த ஊருல நடந்துக்கினு இருக்குது?"

பங்குனியில் படையல் நாளன்று, யாரும் கூப்பிடாமலே டெக், டிவியோடு போனேன். வழியெல்லாம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டுதான் போனேன். வாசலில் கோவிந்தம்மாள், "இன்னாய்யா, மறுபடியும் பேஜாரு பண்ண வந்துட்டியா?" என்று கேட்டதும் வாயில் வந்தது வேறு. "இது சிங்கப்பூரு பிரிண்டும்மா. இங்க வெட்டினத அங்க வெட்டாம உட்டிருக்கானுங்களாம்." பாருங்கள், மூன்று வருஷம் வெந்தவன் வாயிலிருந்தும் இன்னொரு பொய்தான் வந்தது.

கெங்கம்மாளுக்குத் தலை நரைத்திருந்தது. சுவரோரம் விளக்கு, மடித்த துண்டு. துண்டின் மேல் கேசட் இல்லை. ஜன்னலுக்குப் போர்வை கட்டினோம். செய்தி பரவி இருபது முப்பது பேர் வந்துவிட்டார்கள். அவள் இந்தத் தடவை டிவி பக்கத்தில் வந்து நிற்கவில்லை, எதையும் முன்கூட்டிச் சொல்லவுமில்லை. எல்லாருக்கும் பின்னால், கதவோரம் உட்கார்ந்திருந்தாள்.

முளைப்பாரி வந்தது. பச்சைமுத்து வந்தார். திரும்பினார், சிரித்தார், தள்ளிக்கொண்டு போனார்கள்.

கூடம் கத்தியது. "பச்சைமுத்துதான்டா! டேய், அவனேதான்டா!" கோவிந்தம்மாள், "அண்ணே! எங்கண்ணே!" என்று தலையில் அடித்துக்கொண்டு டிவி முன்னால் போய் விழுந்தாள். நான் படத்தை நிறுத்தினேன். அழுகையும் சத்தமும் அடங்கியதும் எல்லாரும் கெங்கம்மாள் பக்கம் திரும்பினார்கள். அவள் டிவியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப அன்னிக்கு இவரு எங்க தம்பி இருந்தாரு?" என்றாள்.

சத்தம் போட்டுக் கேட்கவில்லை. மண்டியில் மூட்டையைப் பற்றிக் கேட்பது போலத்தான் கேட்டாள். சிங்கப்பூர் பிரிண்ட் என்று மறுபடியும் சொல்ல நாக்கு எழுந்தது, அவள் முகத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டது.

"எம் போர்டுக்குப் பின்னால இருந்தாரும்மா," என்றேன். "நான்தான் அந்த எடத்துல போர்ட வச்சேன். கூட்டம்தானேன்னு வச்சேன். அன்னிக்கே எனக்குத் தெரியும். தெரிஞ்சிக்கினேதான் பொய் சொன்னேன்."

யாராவது எழுந்து வந்து ஒரு அறை விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கெங்கம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இதுக்குத்தானா?" என்றாள். "செத்துப்போன மனுசன் முன்னால மாலையப் போட்டுக்கினு நீ வந்து நின்னுட்டேன்னு அன்னிக்கே சொல்லியிருந்தா, நானே சிரிச்சிருப்பேனேய்யா. அவரா இருந்தா உழுந்து உழுந்து சிரிச்சிருப்பாரு."

பிறகு, "மூணு வருசமா, நான் பாத்தது அவருதானான்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சி தம்பி. ஊரு சொன்னதுகூடப் பெருசில்ல. அதான் பெருசு," என்றாள்.

அவள் எழுந்து வந்தாள், முன்னால் இருந்தவர்கள் வழிவிட்டார்கள், டிவிக்கு ஒரு முழ தூரத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

"திருப்பி ஓட்டு," என்றாள்.

வண்டி வருகிற இடத்துக்குத் திருப்பி ஓட்டினேன். அவர் வந்து சிரித்துவிட்டுப் போனார். "இன்னொரு தபா," என்றாள். அன்றைக்கு எத்தனை தடவை ஓட்டினேன் என்று தெரியாது. ஒவ்வொரு தடவையும் முளைப்பாரிப் பெண்கள் போனதும் நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடுத்து அவர் திரும்பிப் பார்ப்பார் என்று தெரியும்.